பணியிடமும் ஒரு பள்ளி: நீடித்த நிலைத்தன்மையும் ஊழியர் கற்றலும்



மொழிக்கென அமைந்த மேடையில் குப்பையைப் பற்றியும் கரிம வரியைப் பற்றியும் பேச வந்திருக்கிறோமே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். சுற்றுப்புறத்தைக் காக்கும் பொறுப்பை நிறுவனங்கள் தம் ஊழியரோடு சேர்ந்து எவ்வாறு நிறைவேற்றலாம், அதற்குப் பணியிடக் கற்றல் எவ்வாறு துணைசெய்யும் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். பயிற்றுநர்களாகப் பல பணியிடங்களுக்குச் சென்றுவந்த அனுபவத்தில், இம்முயற்சி இடறி விழும் இடங்களுள் ஒன்று மொழி என்பதைக் கண்டோம். ஆகவே இது மொழி மேடைக்கும் உரிய பொருளே என்று துணிந்து வந்திருக்கிறோம்.

'நீடித்த நிலைத்தன்மை' என்னும் தொடரை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். இன்று வாழ்வோர் தம் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும்போது, நாளை வாழவிருப்போர் தம் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காதிருத்தல் என்பது அதன் சாரம். 1987ஆம் ஆண்டு வெளிவந்த புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை இப்பொருளை உலகறியச் செய்தது. சொல் புதிதாயினும் கருத்து நமக்குப் புதிதன்று. விதைநெல்லைச் சமைத்து உண்ணாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான்.

சிறிய நாட்டின் பெரிய கணக்கு

சிங்கப்பூரின் லோரோங் ஹாலுஸ் குப்பைக் கிடங்கு 1999 மார்ச் மாத இறுதியில் மூடப்பட்டது. மறுநாள், ஏப்ரல் 1ஆம் தேதி, செமாக்காவ் நிரப்புநிலம் செயல்படத் தொடங்கியது. தரையில் இடமில்லாததால், கடலில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்திற்குக் கரை எழுப்பி, 350 ஹெக்டர் பரப்பை வளைத்து உருவாக்கிய இடம் அது. எரிக்கத்தக்க குப்பை எரியாலைகளில் எரிக்கப்பட்டு, கன அளவில் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்து சாம்பலாகிறது. அச்சாம்பலும் எரிக்க இயலாத கழிவுமே கடல்வழியாகச் செமாக்காவுக்குச் செல்கின்றன. இத்தனை சிக்கனத்திற்குப் பின்னரும், அந்நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்கள் படிப்பை முடித்து வேலையில் காலூன்றும் பருவத்தில் அந்தக் கணக்கு அவர்கள்முன் வந்து நிற்கும்.

2019ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் உருவான உணவுக் கழிவு ஏறத்தாழ 744,000 டன். அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 18 விழுக்காடு. அதே ஆண்டில் வெளியிடப்பட்ட கழிவில்லாப் பெருந்திட்டம், செமாக்காவுக்குச் செல்லும் கழிவின் அளவை, ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ற கணக்கில், 2030க்குள் 30 விழுக்காடு குறைக்க இலக்கு வகுத்தது. கரிம வரியும் 2019இல் தான் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் கரியமிலம் வெளியிடும் ஆலைகள் டன்னுக்கு 5 வெள்ளி செலுத்த வேண்டும் என்று தொடங்கிய அவ்வரி, 2024இல் 25 வெள்ளியாயிற்று.

வீட்டில் நாம் விளக்கை அணைப்பதும் துணிப்பை எடுத்துச் செல்வதும் நல்ல பழக்கங்களே. ஆயினும் ஓர் உணவாலையில், ஒரு தங்கும் விடுதியில், ஒரு கிடங்கில் ஒரே நாளில் வீணாகும் பொருளுக்கு முன் ஒரு குடும்பத்தின் சிக்கனம் மிகச் சிறியது. பெரியவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைப் பணியிடத்தில் கழிக்கிறார்கள். ஆகவே இக்கணக்கைத் தீர்க்கும் கல்வி பள்ளியோடு நின்றுவிட இயலாது; பணியிடத்திலும் அது தொடர வேண்டும்.

மணிநேரம் எண்ணப்படுகிறது, கற்றல் எண்ணப்படுவதில்லை

நிறுவனங்கள் இதை அறியாமல் இல்லை. சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள், 2017 டிசம்பர் இறுதியிலோ அதற்குப் பின்னரோ முடிந்த நிதியாண்டு முதல், நீடித்த நிலைத்தன்மை அறிக்கையை வெளியிட வேண்டும். குறித்த கூறுகளை வெளியிடவில்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும் என்பது தொடக்கத்தில் இருந்த விதி. உலகில் பல நிறுவனங்கள் பின்பற்றும் அறிக்கை நெறிமுறைகளில், ஓர் ஊழியர் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை மணிநேரம் பயிற்சி பெற்றார் என்பதும் ஓர் அளவீடு. அந்த எண் அறிக்கையில் அழகாக இடம்பெறுகிறது. அந்த மணிநேரத்தில் யார் என்ன கற்றார், கற்றபின் என்ன மாறிற்று என்பதை அவ்வெண் சொல்வதில்லை.

இதை நாங்கள் பிறரைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. அந்த எண்ணைப் பெருக்கியவர்களுள் நாங்களும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவர் ஒரு மத்திய சமையற்கூடத்தில் பயிற்சி நடத்தச் சென்றோம். பல அலுவலகங்களின் உணவகங்களுக்கு அங்கிருந்துதான் சாப்பாடு போகும். உணவுக் கழிவைக் குறைப்பது பற்றி ஆங்கிலத்தில் இரண்டு மணிநேரம் பேசினோம். உருகும் பனிப்பாறைகளைத் திரையில் காட்டினோம். பத்து வினாக்கள் கொண்ட தேர்வு வைத்தோம். ஏறத்தாழ எல்லாரும் தேறினர். சான்றிதழ் கொடுத்தோம், கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஒரு மாதம் கழித்து நிர்வாகி அழைத்தார். கழிவின் எடை சிறிதும் குறையவில்லை என்றார்.

மீண்டும் சென்றோம். இம்முறை வகுப்பறைக்குப் போகாமல், பிற்பகலில் காலிப் பாத்திரங்கள் திரும்பிவரும் பின்வாசலில் போய் நின்றோம். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். எங்கள் தேர்வில் பத்துக்குப் பத்து வாங்கியவர். "என்னண்ணே, எந்தச் சாப்பாடு அதிகமா மிஞ்சுது?" என்று தமிழில் கேட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தயங்காமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமை சோறுதான் சார். அன்னைக்கு அந்த ரெண்டு ஆபீஸ்ல பாதிப் பேரு வெளியில சாப்பிடப் போயிடுறாங்க. ஆனா இங்கேருந்து போற அளவு மட்டும் எல்லா நாளும் ஒண்ணுதான்."

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டோம். "சொல்லலாம்னுதான் நெனச்சேன். இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதோட, சமையல்காரரைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு விட்டுட்டேன்" என்றார்.

நாங்கள் அவருக்குப் பனிப்பாறையைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் கற்க வேண்டிய பாடம் அவரிடம் இருந்தது. அதை அவரிடமிருந்து பெற எங்கள் பயிற்சியில் வழியே இல்லை. மொழி ஒரு தடை. பழி வந்துவிடுமோ என்ற அச்சம் மற்றொரு தடை. இவ்விரண்டையும் நீக்காமல் இன்னும் இருபது மணிநேரம் பேசியிருந்தாலும் கழிவு குறைந்திராது.

கேட்டல் வேறு, முடிவெடுத்தல் வேறு

எங்கள் தோல்விக்கான விளக்கத்தை அறிஞர் ஒருவர் எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே தந்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் போன்ற, மக்கள் விரும்பி உண்ணாத உறுப்புகளைச் சமைக்க இல்லத்தரசிகளை எவ்வாறு இசையச் செய்வது என்று உளவியல் அறிஞர் கர்ட் லெவின் ஆராய்ந்தார். சில குழுக்களுக்கு நல்லதொரு விரிவுரை நிகழ்த்தப்பட்டது. வேறு சில குழுக்கள் தமக்குள்ள தடைகளைத் தாமே பேசி, இறுதியில் தாமே முடிவெடுத்தன. பின்னர் விசாரித்தபோது, விரிவுரை கேட்டவருள் அவ்விறைச்சியைச் சமைத்தவர் 3 விழுக்காடு. பேசி முடிவெடுத்தவருள் 32 விழுக்காடு. அது சிறிய ஆய்வே. அதைக் கொண்டு எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட இயலாது. ஆயினும் கேட்பதற்கும் முடிவெடுப்பதற்கும் இடையிலுள்ள தொலைவை அது நன்கு காட்டுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் சொல்வதை அவர் எண்ணிக்கையில் காட்டினார்.

தொழிற்கூட வரலாறும் இதையே சொல்கிறது. ஜப்பானில் 1962ஆம் ஆண்டு ஏப்ரலில், தொழிற்கூட மேற்பார்வையாளர்களுக்கென ஓர் இதழ் தொடங்கப்பட்டது. பேராசிரியர் கவோரு இஷிகாவா அதன் பின்னணியில் இருந்தவர். தனியே படித்தால் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பதால், சேர்ந்து படிக்கச் சிறு குழுக்களை அமைத்துக்கொள்ளுமாறு அவ்விதழ் அழைத்தது. பின்னர் உலகெங்கும் பரவிய தரக் கட்டுப்பாட்டு வட்டங்கள் அவ்வாறுதான் பிறந்தன. அவை முதலில் வாசிப்பு வட்டங்கள் என்பதையும், தொழிலாளர் தம் தாய்மொழியில் படித்து, தம் தாய்மொழியிலேயே விவாதித்தனர் என்பதையும் இந்த அவையில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சிங்கப்பூரும் 1981இல் உற்பத்தித்திறன் இயக்கத்தைத் தொடங்கியபோது அவ்வட்டங்களை இங்கே வளர்த்தது. அடுத்த ஆண்டு அறிமுகமான 'டீமி' என்ற தேனீச் சின்னத்தை மூத்தவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள்.

சுற்றுப்புறத் துறையிலும் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மாசு உண்டான பின் அதைத் துடைப்பதைவிட, உண்டாகும் இடத்திலேயே தடுக்கும் யோசனைகளை ஊழியர்கள் தாமாக முன்வந்து தரவேண்டும் என்பது அதன் அடிப்படை. தரைவிரிப்புச் சதுரங்கள் செய்யும் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தை நிறுவிய ரே ஆண்டர்சன், 1994இல் பால் ஹாக்கனின் நூலொன்றைப் படித்துத் தம் தொழிலையே மறுபரிசீலனை செய்தவர். அவருடைய ஆலைகளில் 'வீண்' என்பதற்கு விரிந்த பொருள் தரப்பட்டது. குப்பைத்தொட்டியில் விழுவது மட்டுமன்று, வாடிக்கையாளருக்குப் பயன் தராத எந்தச் செலவும் வீணே. தவறாக அனுப்பிய சரக்கும் வீண்; திருத்திச் செய்த வேலையும் வீண். இந்த விளக்கத்தைக் கையில் கொடுத்தபின், ஒவ்வொருவரும் தம் வேலையில் வீணைக் காணமுடிந்தது. ஊழியர் குழுக்கள் அதைத் தேடிக் குறைக்கும் பணியில் இறங்கின. ஒரு சொல்லின் பொருளைத் தெளிவாக வரையறுத்ததே அங்கு முதல் பயிற்சியாக அமைந்தது.

சமையற்கூடத்தில் பின்னர் நடந்தது

நாங்கள் கண்ட சமையற்கூடத்தின் கதை அத்துடன் முடியவில்லை. நிர்வாகம் அந்த ஊழியரின் சொல்லை ஏற்றுக்கொண்டது. பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு பலகை வைக்கப்பட்டது. எழுத்து வேண்டா, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நேராக ஒரு வட்டம். எவ்வளவு திரும்பியதோ அவ்வளவு பங்கை மையால் நிரப்பினால் போதும். எந்த மொழி பேசுபவரும் அதைப் படிக்கலாம். அளவு குறிக்கும் எழுத்தர் அடுத்த வாரத்திற்கான கணக்கைப் போடுமுன் அந்தப் பலகையைப் பார்ப்பது வழக்கமாயிற்று. வெள்ளிக்கிழமைச் சோற்றின் அளவு குறைந்தது.

ஆனால் எல்லா நாள்களிலும் கூடுதலாகச் சமைப்பதை நிறுத்த முயன்றபோது வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தப்படி, உணவு குறைந்தால் அபராதம். மிஞ்சினால் கேள்வியே இல்லை. சமையல்காரர் மிகுதியாகச் சமைத்தது அலட்சியத்தால் அன்று, அந்த விதிக்கு அஞ்சி. பாத்திரம் கழுவுபவர் எண்ணித் தயங்கியது போல, குற்றம் சமையல்காரருடையதாகவே இல்லை. ஒப்பந்தத்தை மாற்றும் ஆற்றல் அடுக்களையில் உள்ள எவருக்கும் கிடையாது. அதை மேல்மாடியில் அமர்ந்திருப்பவர்கள்தாம் செய்ய வேண்டும். இரண்டு வாடிக்கையாளர்களோடு பேசி அவ்விதியைத் தளர்த்தினார்கள், மற்றவர்கள் இசையவில்லை.

இந்த அரைகுறை வெற்றியில் நாங்கள் கற்றது அதிகம். ஊழியருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, பொறுப்பை அவர் தோளில் ஏற்றிவிடுவது நேர்மையன்று. பழைய குளிரூட்டும் இயந்திரத்தை மாற்றுவதும், பொருள் வாங்கும் முறையைத் திருத்துவதும், ஒப்பந்தத்தை மாற்றி எழுதுவதும் நிர்வாகத்தின் கடமை. பணியிடக் கற்றல் என்பது ஊழியர் கற்பது மட்டுமன்று. ஊழியரிடமிருந்து நிறுவனம் கற்பதும் அதில் அடங்கும். இரண்டாவது பாதி இல்லையென்றால் முதற்பாதி வெறும் சடங்கு.

இதிலிருந்து நாங்கள் இப்போது பின்பற்றும் வழக்கங்கள் நான்கு. முதலாவது, வகுப்பு நடத்துமுன் வேலை நடக்கும் இடத்திற்குச் சென்று பார்ப்பது. இரண்டாவது, உலகச் செய்தியில் தொடங்காமல் ஊழியரின் கைக்கெட்டும் பொருளில் தொடங்குவது. சோற்றில் தொடங்கினால் செமாக்காவ் வரை செல்லலாம், பனிப்பாறையில் தொடங்கினால் சோற்றுக்கு வந்து சேர்வது அரிது. மூன்றாவது, 'யார் செய்தது' என்ற கேள்வியை விலக்கி, 'எதனால் நடக்கிறது' என்று கேட்பது. நான்காவது, சொன்ன யோசனைக்குக் குறித்த நாளுக்குள் பதில் தருவது. ஏற்க இயலாது என்ற பதிலும் பதிலே. காரணத்தோடு சொன்னால் அடுத்த யோசனை வரும். பெட்டியில் போட்ட சீட்டுக்கு மறுமொழியே இல்லையென்றால் அந்தப் பெட்டியை யாரும் மீண்டும் திறக்கமாட்டார்கள். இவற்றுக்குச் செலவாகும் நேரம் வேலை நேரத்திலிருந்தே ஒதுக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். பன்னிரண்டு மணிநேரம் நின்று உழைத்தவரை, வேலை முடிந்தபின் உட்காரவைத்துப் பூமியைக் காக்கச் சொல்வது முறையன்று.

பதில் சொல்லும் மொழி

இனி மொழிக்கு வருவோம். சிங்கப்பூரில் கட்டுமான ஊழியர்களுக்கான பாதுகாப்பு அறிமுகப் பயிற்சி, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் நடத்தப்படுகிறது. எச்சரிக்கை புரியாவிட்டால் உயிர் போகும் என்பதால், அங்கே மொழி சலுகையாகக் கருதப்படவில்லை; தேவையாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. நீடித்த நிலைத்தன்மைப் பயிற்சியையும் அதே நிலையில் வைத்து எண்ண வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

ஆனால் சுவரொட்டியைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதலாகாது. 'உயிரிச்சிதைவுக்குட்பட்ட கழிவு' என்று ஒரு தொட்டியின்மேல் எழுதியிருந்ததைப் பார்த்தோம். தமிழ்தான், ஆயினும் அங்கே வேலைசெய்த தமிழர்கள் அதைச் 'சாப்பாட்டுக் குப்பை' என்றே சொன்னார்கள். எழுதியவரின் சொல் அவர்களுடைய வாய்க்கு வரவே இல்லை. மொழிபெயர்ப்பு மேலிருந்து கீழே செய்தியை இறக்கும். கீழிருந்து மேலே செய்தி ஏறுவதற்கு, ஊழியர் பதில் சொல்லக்கூடிய மொழி வேண்டும். எந்தச் சொல்லால் ஒருவர் மறுத்துப் பேசவும், 'இது இப்படி இல்லை, சார்' என்று திருத்தவும் இயலுமோ, அந்தச் சொல்லே கற்றலுக்குரிய சொல்.

ஆசிரியப் பெருமக்களே, இதை நாங்கள் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தலையாட்டுவது புரிந்ததற்குச் சான்றாகாது என்பதை வகுப்பறையில் நிற்பவரைவிட நன்கறிந்தவர் யார்? கேள்வி கேட்கும் பிள்ளையே கற்கத் தொடங்கிய பிள்ளை என்பதும் உங்கள் அனுபவம். அந்த அறிவு தொழிற்கூடங்களுக்குத் தேவைப்படுகிறது. கலைச்சொற்களை ஆக்குவோரும் அவற்றைப் பயன்படுத்தும் உழைப்பாளரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினால், நம் கலைச்சொற்கள் அகராதியிலிருந்து வேலைத்தளத்துக்கு இறங்கி வரும்.

மாணவ மணிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டில் வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவரிடம், அப்பாவோ அம்மாவோ மாமாவோ யாராயினும், இரண்டு கேள்விகள் கேளுங்கள். 'நீங்கள் வேலைசெய்யும் இடத்தில் எது வீணாகிறது? அது எதனால் என்று நினைக்கிறீர்கள்?' அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். திருத்தி எழுத வேண்டா. அடுத்த தமிழ் வகுப்பில் அதைப் படியுங்கள். உங்களுள் பலர் நாளை மேற்பார்வையாளர்களாகவும் பொறியாளர்களாகவும் நிர்வாகிகளாகவும் ஆவீர்கள். அப்போது பின்வாசலில் பாத்திரம் கழுவும் ஒருவரிடம் நின்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு இருக்குமானால், அதை நீங்கள் இந்த வயதில் வீட்டிலேயே கற்றிருப்பீர்கள்.

அந்தச் சமையற்கூடத்தில் எங்களுக்குப் பாடம் சொன்னவருக்கு நாங்கள் ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தோம். எங்களுக்கு அவர் கொடுத்ததற்கு எந்தச் சான்றிதழும் இல்லை. அந்தக் கடனை ஓரளவேனும் தீர்க்கும் முயற்சியாகவே அவருடைய சொற்களை இந்த அவையில் எடுத்துரைத்தோம்.